நாகலிங்கப் பூவுக்குள் மூன்று நிமிடம்: பிள்ளைகளோடு ஓர் இயற்கைக் கார்ட்டூன் உருவாக்க முழுமையான வழிகாட்டி

பூச்சியளவுக்குச் சுருங்கிய பிள்ளைகள் புல்லுக்குள்ளும் பூவுக்குள்ளும் புகுந்து வரும் கல்விக் கார்ட்டூன்கள் பல மொழிகளில் வந்துவிட்டன. நம் பிள்ளைகளும் அவற்றைக் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். ஆனால் அவற்றில் வரும் தோட்டம் பெரும்பாலும் குளிர்நாட்டுத் தோட்டம். பினாங்கில் வளரும் பிள்ளைக்கு ரம்புத்தான் மரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் கெரெங்கா எறும்பைத் தெரியும். அது கடித்தால் எப்படி எரியும் என்பதும் தெரியும். அந்தக் கூட்டின் வேலை எப்படி நடக்கிறது என்பதைத் தன் மொழியில், தன் ஊர் மரத்தில் வைத்துக் காட்டும் படம் அதற்குக் கிடைப்பதில்லை. யாராவது எடுத்துத் தரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு கைப்பேசி, கொஞ்சம் மாஜோங் தாள் (பெரிய வரைதாள்), ஆர்வமுள்ள ஆறேழு பிள்ளைகள், ஒரு பள்ளித் தவணை இவ்வளவும் இருந்தால் மூன்று நிமிடப் படத்தை நாமே எடுத்துவிடலாம்.

தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் கழகங்களையும் விடுமுறையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசிக்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நான்காம் ஆண்டுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது சரியாக வரும்.

தொடங்குவதற்கு முன் ஒரு விதியைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்: படத்தில் ஒரே ஒரு மாயம்தான் உண்டு, அது உருவம் சுருங்குவது. மற்றதெல்லாம் இயற்கை நடந்துகொள்ளும்படியே நடக்க வேண்டும். எறும்பு பேசக் கூடாது, சிலந்தி சிரிக்கக் கூடாது, மழைத்துளி கதைக்குத் தோதாக ஒதுங்கிப் போகக் கூடாது. இந்த விதி கதையைக் கட்டிப்போடும் என்று முதலில் தோன்றும். உண்மையில் கதையே இதிலிருந்துதான் பிறக்கிறது. எப்படி என்பதை இரண்டாம் படியில் பார்ப்போம்.

முதல் படி: ஒரே ஒரு மரம்

காடு முழுவதையும் காட்ட நினைக்காதீர்கள். ஒரு மரம், அதன் அடியில் ஒரு சதுர மீட்டர் தரை, இது போதும். சுருங்கிய பிள்ளைக்கு அதுவே ஒரு மாவட்டம்.

பள்ளி வளாகத்தில் பழைய மரம் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தினமும் பார்க்க முடியும், பஸ் செலவும் இல்லை. வெளியே போக முடிந்தால் என் முதல் தேர்வு தண்ணீர்மலைப் பூமலை, அதாவது 1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் பொறுப்பில் உருவான பினாங்கு தாவரவியல் பூங்கா. 2021-இல் யுனெஸ்கோ அங்கீகரித்த பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் அதுவும் அடங்குகிறது. அங்கே நாகலிங்க மரங்கள் இருக்கின்றன. இந்த வழிகாட்டியில் வரும் எடுத்துக்காட்டுக் கதையை நான் அந்த மரத்தை வைத்துத்தான் சொல்லப்போகிறேன்.

தெலுக் பஹாங் பக்கம் இருப்பவர்களுக்கு எந்தோப்பியா அருகில் இருக்கிறது. 1986-இல் வண்ணத்துப்பூச்சிப் பண்ணையாகத் தொடங்கி 2016-இல் புதுப்பெயருடன் திறக்கப்பட்ட இடம். கோலாலம்பூர்க்காரர்கள் மலாயாப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ரிம்பா இல்முவுக்கோ, கோலாலம்பூர் கோபுரத்தின் காலடியில் இருக்கும் புக்கிட் நானாஸ் காட்டுக்கோ, கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகத்துக்கோ போகலாம். எந்த இடமானாலும் குழுவாகப் போவதற்கு முன் நிர்வாகத்திடம் ஒரு சொல் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் படி: எவ்வளவு சுருங்க வேண்டும்?

பெரும்பாலான குழுக்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அதனால்தான் ஒரு காட்சியில் பிள்ளை எறும்பைவிடச் சிறியதாகவும் அடுத்த காட்சியில் வண்ணத்துப்பூச்சியைவிடப் பெரியதாகவும் வந்து நிற்கிறது. ஒரு கணக்கை இப்போதே போட்டு முடித்தால் படம் முழுவதற்கும் அது உதவும்.

நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளை 1.2 சென்டிமீட்டர் ஆகிறது. ஒரு பெரிய கெரெங்காவைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள்: 25 கிலோ எடை எவ்வளவாகும்? எல்லாரும் கால் கிலோ என்பார்கள். நீளம் நூறில் ஒரு பங்கானால் பரப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கன அளவும் எடையும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே அந்தப் பிள்ளையின் எடை வெறும் 25 மில்லிகிராம். நீளமும் பரப்பும் எடையும் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை என்பதைக் கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியிருக்கிறார். நம் பிள்ளைகள் அதைக் கரும்பலகையில் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதிலிருந்து வருபவைதான் கதையின் உயிர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வலிமை. தசையின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. ஆகவே பலம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. எடையோ பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிட்டது. முன்பு 10 கிலோ தூக்கிய பிள்ளை இப்போது 1 கிராம் தூக்கும். அது அதன் சொந்த எடையைப் போல் 40 மடங்கு. எறும்பு தன்னைவிடப் பெரிய சுமையைத் தூக்கிப் போவதற்குக் காரணம் அதன் உடலில் ஏதோ அதிசயம் இருப்பதல்ல, அது சிறியதாக இருப்பதுதான். இந்த ஒன்று புரிந்தாலே பிள்ளைகள் எறும்பைப் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

விழுதல். எடையோடு ஒப்பிட உடலின் பரப்பு நூறு மடங்கு கூடிவிட்டதால் காற்று தாங்கிக்கொள்கிறது. மர உச்சியிலிருந்து விழுந்தாலும் எலும்பு முறியாது. ஆகவே ‘ஐயோ, விழப்போகிறான்!’ என்ற வழக்கமான பதற்றக் காட்சிக்கு இந்தப் படத்தில் இடமில்லை.

தண்ணீர். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. குளித்துவிட்டு வரும் பிள்ளையின் மேல் அரை மில்லிமீட்டர் தடிப்பில் நீர் ஒட்டியிருந்தால் அது அரைக் கிலோ அளவுக்கு வரும். யாரும் அதைச் சுமையாக உணர்வதில்லை. சுருங்கிய பிள்ளையின் மேல் அதே தடிப்பில் நீர் ஒட்டினால் அது ஏறத்தாழ 50 மில்லிகிராம். தன்னைப் போல் இரண்டு பேரைச் சுமந்த கணக்கு. 4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பெரிய மழைத்துளியின் எடை 33 மில்லிகிராம். அதுவே பிள்ளையைவிடக் கனம். அதற்கு மேல் பரப்பு இழுவிசை இருக்கிறது. நீரின் மேற்பரப்பு இறுக்கமான தோல் போல நடந்துகொள்வதால், ஒரு பனித்துளிக்குள் அகப்பட்டால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்தால் ஒழிய வெளியே வர முடியாது.

இப்போது பாருங்கள். தன் எடையைப் போல் 40 மடங்கைத் தூக்கும் பிள்ளை ஒரு துளி தண்ணீரிடம் மாட்டிக்கொள்கிறது. வில்லன் தேவையில்லை, பேசும் சிலந்தி தேவையில்லை. கணக்கே கதையைக் கையில் கொடுத்துவிட்டது.

சில இடங்களில் நாம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். குரல்வளை நூறில் ஒரு பங்கானால் 300 ஹெர்ட்ஸ் குரல் 30,000 ஹெர்ட்ஸ் அளவுக்குப் போய்விடும். மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்காது. கண்மணி அவ்வளவு சிறுத்தால் பார்வையும் மங்கும். இவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டால்தான் படம் நகரும். ஆனால் மறைக்க வேண்டாம். ‘குரலையும் கண்ணையும் மட்டும் கதைக்காக மாற்றாமல் விட்டோம்’ என்று படத்தின் முடிவில் ஒரு வரி போடுங்கள். அந்த நேர்மை பார்க்கும் பிள்ளைக்கும் ஒரு பாடம்தான்.

மூன்றாம் படி: நேரில் பார்த்தல்

படம் வரைவதற்கு முன் பார்க்க வேண்டும். இணையத்தில் எடுத்த படத்தைப் பார்த்து வரைய வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். வேறொருவர் கண்ணால் பார்த்ததைப் பிள்ளை நகலெடுத்தால் இந்த உழைப்பு முழுவதும் வீண்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை இரண்டு பேருக்கு ஒன்று, கைப்பேசியில் கவ்வும் அண்மைப்பட வில்லை ஒன்று, அளவுகோல், பென்சில், தடித்த அட்டை. காலை வேளை நல்லது. வெயில் ஏறினால் பூச்சிகள் ஒதுங்கும், பிள்ளைகளும் சோர்ந்துவிடுவார்கள். மூடிய காலணி கட்டாயம். பூமலையில் நீண்டவால் குரங்குகள் உணவுப் பையைப் பறிக்கும். அவற்றுக்கு உணவு கொடுப்பதும் அங்கே தடை. எனவே பசியாறிவிட்டுப் போங்கள். எதையும் பறிக்காதீர்கள், பிடித்து வராதீர்கள். தரையில் உதிர்ந்ததை மட்டும் கையில் எடுங்கள். நாகலிங்கத்துக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை: அதன் காய் பீரங்கிக் குண்டு அளவுக்குப் பெரியது, கனமானது. காய் தொங்கும் இடத்துக்கு நேர் கீழே பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. பூ உதிர்ந்து கிடந்தால் எடுத்துக்கொண்டு தள்ளி வந்துவிடுங்கள்.

அந்தப் பூவைக் கொஞ்சம் நேரம் பார்ப்போம். இது தென் அமெரிக்க மரம். நம் கோயில்களுக்கு அந்நியமில்லை. பூ கிளை நுனியில் பூக்காமல் அடிமரத்திலிருந்தே தொங்கும் காம்புகளில் பூக்கிறது. ஆறு தடித்த இதழ்கள், நடுவில் லிங்கம் போன்ற சூலகம், அதன் மேல் படம் எடுத்த நாகம் போல வளைந்த கவிகை. பக்தி உள்ளவர்கள் இதுவரை பார்த்திருப்பார்கள். கைவில்லையை வைத்தால் இன்னொன்று தெரியும். மகரந்தத் தாள்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன. சூலகத்தைச் சுற்றி ஒரு வட்டத்தில் குட்டையாக ஒரு கூட்டம். நாகப்படத்தின் உட்பக்கம் நீளமாக இன்னொரு கூட்டம். இந்தப் பூவில் தேன் கிடையாது. நாகப்படத்தில் உள்ள மகரந்தம் முளைக்காது. அது தேனீக்கு வைத்த விருந்து. வட்டத்தில் உள்ளதுதான் விதையை உண்டாக்கும் மகரந்தம். தச்சுத் தேனீ இரண்டுக்கும் நடுவே நுழைந்து நாகப்படத்தில் உள்ளதைச் சேகரிக்கும்போது வட்டத்தில் உள்ளது அதன் முதுகில் பூசப்பட்டுவிடுகிறது. பிள்ளைகள் சுட்டுவிரலைத் தேனீயாக நினைத்து நுழைத்துப் பார்க்கட்டும். நகத்தின் மேல் மஞ்சள் தூள் படிவதை அவர்களே காண்பார்கள். இந்த ஒரு செயல் பாடநூலில் மகரந்தச் சேர்க்கை பற்றி வரும் பக்கத்துக்கு ஈடானது.

அடுத்தது கெரெங்கா. தமிழ்நாட்டில் முசிறு என்பார்கள். கூட்டை ஓர் எட்டுக்கு அப்பால் நின்றே பாருங்கள். புதுக்கூடு கட்டும் நேரம் வாய்த்தால் விடாதீர்கள். வேலைக்கார எறும்புகள் ஓர் இலையின் விளிம்பில் வரிசையாக நின்று பக்கத்து இலையைத் தாடையால் கவ்வி இழுக்கும். எட்டவில்லை என்றால் ஒன்றன் இடையை ஒன்று பிடித்துச் சங்கிலி ஆகும். இலைகள் நெருங்கியதும் வேறு சில எறும்புகள் கூட்டிலிருந்து புழுப்பருவத்துக் குஞ்சுகளைத் தாடையில் தூக்கி வந்து, தறியில் நாடா ஓடுவது போல இந்த இலைக்கும் அந்த இலைக்குமாக அசைக்கும். புழுவின் வாயிலிருந்து வரும் பட்டிழை இரண்டையும் தைத்துவிடும். குஞ்சுகளின் பட்டைக் கூட்டுக்கே செலவழித்துவிடுவதால் அவை தமக்கென்று தனிக்கூடு பின்னிக்கொள்வதில்லை. இதைத் திரையில் ஐந்து விநாடி காட்டினாலே போதும், பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள்.

ஒவ்வொரு பிள்ளையும் மூன்று விஷயம் எழுதி வர வேண்டும்: அளவுகோலால் அளந்த ஓர் அளவு, ஒரு நிறம், ஓர் அசைவு. ‘எறும்பு நடந்தது’ என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். எந்தக் கால் முதலில் நகர்ந்தது?

நான்காம் படி: கதை

மூன்று நிமிடத்துக்கு ஒரு தேவை, ஒரு தடை, ஒரு கண்டுபிடிப்பு. இதற்கு மேல் வேண்டாம்.

எடுத்துக்காட்டுக்கு இந்தக் கதையை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டுப் பாட்டி பேரப்பிள்ளைகளோடு பூமலைக்கு வருகிறார். உதிர்ந்த நாகலிங்கப் பூவை முகர்ந்து பார்க்கும்போது மூக்குத்தியின் திருகு கழன்று கல் பூவுக்குள் விழுந்துவிடுகிறது. அக்கா கயல், தம்பி அமுதன். இருவரும் தொலைநோக்கியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறார்கள். உலகம் சிறுப்பதற்குப் பதில் அவர்கள் சிறுத்துவிடுகிறார்கள். மாயம் இவ்வளவுதான். இயந்திரம், மருந்து, விஞ்ஞானி மாமா என்று இதற்கு அரை நிமிடம் செலவழிக்காதீர்கள்.

மூக்குத்தியின் எடை 0.2 கிராம் என்று கொள்வோம். அமுதனைப் போல் எட்டு மடங்கு. ‘தூக்க முடியாது’ என்று அவன் உட்கார்ந்துவிட, கயல் ஒரு கையால் தூக்கிவிடுகிறாள். இரண்டாம் படியில் போட்ட கணக்கு இங்கே சிரிப்பாக மாறுகிறது. திரும்பும் வழியில் இதழின் குழியில் தேங்கிய ஒரு துளியில் அமுதன் கால் வைத்துவிடுகிறான். நீர் ஏறி அவனை மூடுகிறது. கயல் கையைப் பிடித்து இழுத்தால் அவளும் ஒட்டிக்கொள்வாள். நாகப்படத்திலிருந்து ஒரு மகரந்தத் தாளை வளைத்து நீட்டுகிறாள். பற்றிக்கொள்ள ஒன்று கிடைத்ததும் அவன் தன் பலத்தாலேயே வெளியே வருகிறான். இருவர் முதுகிலும் வட்டத்து மகரந்தம் அப்பியிருக்கிறது. அப்போது வெளிச்சம் மறைகிறது. அவர்களைவிட இரண்டு மடங்கு நீளமான தச்சுத் தேனீ உள்ளே வருகிறது. அது அவர்களைக் கண்டுகொள்ளவில்லை, தன் வேலையைப் பார்க்கிறது. அதன் முதுகிலும் அதே மஞ்சள். கயலுக்குப் புரிகிறது.

தேனீ அவர்களைத் துரத்தாமல் இருப்பதை நான் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். பூச்சி என்றாலே துரத்தும், கொட்டும் என்று பிள்ளைகளுக்குக் காட்டிக் காட்டித்தான் ஒரு கரப்பானைக் கண்டாலும் அலறும் தலைமுறையை வளர்த்திருக்கிறோம். நம்மைப் பொருட்படுத்தாமல் தன் பிழைப்பைப் பார்க்கும் உயிர்களுக்கு நடுவே நாம் விருந்தாளிகள் என்பதைப் படம் காட்டட்டும்.

ஐந்தாம் படி: வசனம்

பூச்சிகள் பேசாததால் விளக்கம் சொல்லும் பொறுப்பு பிள்ளைகள் தலையில் விழுகிறது. அப்போது அவர்கள் பாடநூலை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதைத் தடுக்க ஒரு வழி உண்டு: ஒருவர் கேள்வி கேட்கட்டும், மற்றவர் உடலால் செய்து பார்க்கட்டும்.

இப்படி எழுத வேண்டாம்:
“தம்பி, பரப்பு இழுவிசை என்பது நீரின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் உண்டாவது.”

இப்படி எழுதுங்கள்:
“அக்கா, தண்ணீர் என் காலை விட மாட்டேன் என்கிறது!”
“உதறிப் பார், அமுதா.”
“உதறினால் இன்னும் மேலே ஏறுகிறது. தோல் மாதிரி இழுக்கிறது, அக்கா!”

கலைச்சொல்லை ஒரே ஒரு முறை, எல்லாம் முடிந்த பிறகு பாட்டியோ ஆசிரியரோ சொல்லட்டும். பொருள் முதலில், பெயர் பிறகு.

கெரெங்காவைப் பற்றிப் பேசும்போது ஓர் உண்மையை விட்டுவிடாதீர்கள்: கூட்டுக்கு வெளியே நாம் காணும் வேலைக்கார எறும்புகள் அனைத்தும் பெண்கள். ‘எறும்பு அண்ணன்’ என்று யாராவது எழுதினால் ‘எறும்பு அக்கா’ என்று திருத்துங்கள்.

ஆறாம் படி: குரல் பதிவு

படம் பிடிப்பதற்கு முன்பே குரலைப் பதிவு செய்துவிடுங்கள். வசனம் எத்தனை விநாடி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் எத்தனை படம் தேவை என்று தெரியும். துணிகள் நிறைந்த அலமாரி இருக்கும் அறை நல்லது. துணி எதிரொலியை உறிஞ்சிவிடும். காற்றாடியை நிறுத்திவிடுங்கள். கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள்.

பிள்ளைகளின் குரலைக் கணினியில் கீச்சென்று மாற்றுவது எனக்குப் பிடிக்காது. பேசுவது புரியாமல் போகும். அதற்குப் பதில் சுற்றியுள்ள ஓசைகளைப் பெரிதாக்குங்கள். காய்ந்த இலையை ஒலிவாங்கிக்கு மிக அருகில் நொறுக்கிப் பதிவு செய்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மரம் முறியும் சத்தம் கிடைக்கும்.

ஏழாம் படி: உருவங்களும் பின்னணியும்

வெட்டி ஒட்டிய காகித உருவங்கள்தான் பள்ளிக்கு ஏற்றவை. ஒவ்வொரு படத்தையும் புதிதாக வரைய வேண்டியதில்லை; உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்தால் போதும்.

சுருங்கிய உலகத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி வரையுங்கள். பிள்ளை உருவம் 12 சென்டிமீட்டர். கெரெங்கா 9 முதல் 10. மூன்று மில்லிமீட்டர் மூக்குத்தி 3 சென்டிமீட்டர். மழைத்துளி 4. தச்சுத் தேனீ 25. பத்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள நாகலிங்கப் பூ முழு ஒரு மீட்டர்! அதற்குத்தான் மாஜோங் தாள். பூ முழுவதையும் ஒரே காட்சியில் காட்டவே வேண்டாம்; மேசையில் விரித்து இதழ் ஒரு காட்சி, நாகப்படம் ஒரு காட்சி என்று கைப்பேசியை நகர்த்தினால் போதும். அளவு சரியாக இருப்பதால் எந்தக் காட்சியும் பொய் சொல்லாது.

எறும்பு வரையும்போது பாருங்கள், பிள்ளைகள் கால்களை வயிற்றில் ஒட்டுவார்கள். ஆறு காலும் மார்பிலிருந்துதான் வர வேண்டும். மூட்டுகளுக்கு ஒட்டுப்பசை வேண்டாம். சிறிய பித்தளைப் பிளவாணி அல்லது நூல் முடிச்சு போதும், கால் அசையும்.

காட்சிகளை வரிசையாக முன்கூட்டியே வரைந்து பார்க்கும் காட்சிப் பலகையை வரையும்போது கண்மட்டம் எப்போதும் பிள்ளையின் தோளுக்குக் கீழே இருக்கட்டும். மேலிருந்து பார்த்தால் அது பொம்மைத் தோட்டம். கீழிருந்து பார்த்தால்தான் புல் தென்னை உயரம் ஆகும்.

எட்டாம் படி: படம்பிடித்தல்

விநாடிக்கு 12 படம் போதும். மூன்று நிமிடத்துக்கு 2,160 படம் வருகிறது. எண்ணைக் கேட்டு மிரள வேண்டாம். பேசும் காட்சிகளில் வாய் மட்டும் மாறும். உருவம் அசையாமல் நிற்கும் இடங்களில் ஒரே படத்தைப் பல முறை நீட்டலாம். நடக்கும் சுழற்சி ஒன்றை எடுத்துவிட்டால் திரும்பத் திரும்ப ஓட்டலாம். உண்மையில் எடுக்க வேண்டியது இதைவிடப் பெரிதும் குறையும்.

கைப்பேசியை மேசைக்கு மேலே அசையாமல் பொருத்துங்கள். இரண்டு பக்கமும் இரண்டு மேசை விளக்கு. சன்னல் திரையை இழுத்துவிடுங்கள், மேகம் கடக்கும்போதெல்லாம் படம் மினுக்கும். கைப்பேசியில் படமெடுக்கும் செயலியில் வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஒருவர் நகர்த்த, ஒருவர் அழுத்த, ஒருவர் ‘கை வெளியே’ என்று சொல்ல, மூன்று பேர் ஒரு குழு. படம் எடுக்க ரிமோட் அல்லது கம்பியுள்ள காதொலிக் கருவியின் பொத்தான் உதவும்.

எறும்பின் நடைக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். ஆறு காலும் ஒன்றாக நகர்வதில்லை. வலப்பக்கத்து முன்காலும் பின்காலும் இடப்பக்கத்து நடுக்காலும் ஒரு கூட்டாக முன்னேறும். மற்ற மூன்றும் அப்போது தரையில் ஊன்றியிருக்கும். பிறகு மாறும். எப்போதும் மூன்று கால் தரையில் இருப்பதால் எறும்பு தடுமாறுவதில்லை. கால்களை இரண்டு நிறப் பென்சிலால் பின்பக்கம் அடையாளமிட்டு, சிவப்புக் கூட்டு ஒரு படம், நீலக் கூட்டு ஒரு படம் என்று மாற்றி மாற்றி நகர்த்துங்கள். ஓட்டிப் பார்த்ததும் காகிதத்துக்கு உயிர் வந்துவிடும். அந்த நொடியில் பிள்ளைகள் எழுப்பும் சத்தத்தைக் கேட்கவே இந்த வேலையை மீண்டும் மீண்டும் செய்யலாம்.

ஒன்பதாம் படி: உண்மை சரிபார்ப்பு

தொகுப்பு முடிந்ததும் இசை சேர்ப்பதற்கு முன் ஒரு முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். சிலந்திக்கு எட்டுக் கால்தானே? கூட்டுப்புழு தொங்கும் விதம் சரியா? உருவங்களின் அளவு காட்சிக்குக் காட்சி மாறவில்லையே? பிறகு படம் எடுக்காத ஒருவரிடம் காட்டுங்கள். இடைநிலைப்பள்ளியின் உயிரியல் ஆசிரியர் நல்ல தேர்வு. குளுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருப்பது பினாங்குக்காரர்களுக்கு வாய்த்த வசதி. அங்கே உயிரியல் படிக்கும் முன்னாள் மாணவர் யாராவது இருக்கிறாரா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் விசாரியுங்கள். ஒரு பிழை அகப்பட்டால் அந்தக் காட்சியை மறுபடி எடுங்கள். ‘கார்ட்டூன்தானே’ என்று விடக் கூடாது. ஏழு வயதில் திரையில் பார்த்தது எழுபது வயது வரை நிற்கும்.

இசைக்கு இணையத்தில் கிடைக்கும் பாடலை எடுத்துப் போடாதீர்கள், உரிமைச் சிக்கல் வரும். கழகத்தில் யாராவது மிருதங்கமோ புல்லாங்குழலோ பயில்வார்கள், அவர்களைக் கேளுங்கள்.

பத்தாம் படி: திரையிடல்

முதல், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். துளிக்குள் அமுதன் மாட்டும் இடத்தில் படத்தை நிறுத்தி, ‘நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். பதில்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கதை அதில் இருக்கும். படம் முடிந்ததும் உடனே வெளியே அழைத்துப் போக வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் சூடு ஆறிவிடும். ஒரு மீட்டர் கயிற்றைத் தரையில் வட்டமாகப் போட்டு, கைவில்லையோடு அதற்குள் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். படம் எடுத்த பிள்ளைகளே ஒவ்வொரு வட்டத்துக்கும் வழிகாட்டியாக இருக்கட்டும்.

படத்தை வெளியில் பகிர்வதாக இருந்தால் குரல் கொடுத்த பிள்ளைகளின் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். முழுப்பெயரும் பள்ளியும் திரையில் வர வேண்டாம், முதற்பெயர் போதும். பெற்றோரின் புலனக் குழுவில் அனுப்பும்போது அளவைச் சுருக்கிய பிரதியை அனுப்பிவிட்டு மூலத்தைத் தனியாகச் சேமித்து வையுங்கள். காகித உருவங்களையும் தூக்கிப் போடாதீர்கள். கயலும் அமுதனும் அடுத்த தவணையில் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீருக்குள் இறங்கலாம். ஏடிஸ் கொசுப்புழுக்கள் வால்பக்கக் குழாயை நீர்ப்பரப்பில் வைத்து மூச்சு விட்டபடி தலைகீழாகத் தொங்குவதை அங்கே காட்டலாம். அதற்கு இதே 12 சென்டிமீட்டர் உருவங்களும் இதே அளவுக் கணக்கும் போதும். புதிதாகச் செய்ய வேண்டியவை நீலத் தாளும் ஆறேழு புழுக்களும்தான்.